அரசுக் காசு வாங்காத இயக்கத்துக்கு மாதம் 50 வெள்ளி: கொடுக்கலாமா?

மல்லிகா_பிறை (சனி, இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம். இன்று மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கப் பேரங்காடிக்குப் போயிருந்தேன். மின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்று கூப்பிட்டாள். ஒரு பன்னாட்டுத் தொண்டு இயக்கத்துக்கு ஆதரவாளர் சேர்க்கிறாளாம். பெயர் இங்கே வேண்டாம். பணிவாகப் பேசினாள், தமிழிலேயே பேசினாள். மனம் இளகி, பையில் இருந்த 100 வெள்ளியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "ரொக்கம் வாங்கக் கூடாது அக்கா. மாதம் 50 வெள்ளி வங்கியிலிருந்து பிடிக்கிற மாதிரி படிவம் எழுதித் தாருங்கள்" என்றாள். ஏன் என்றேன். "நாங்கள் எந்த அரசாங்கத்திடமும் எந்தக் கம்பெனியிடமும் காசு வாங்குவதில்லை. உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் இருக்கிறோம்" என்றாள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், இன்னும் எழுதவில்லை. 50 வெள்ளி எனக்குச் சின்னத் தொகை இல்லை, மகனின் ஒரு பாடத்துக்கான டியூஷன் காசு அது. கொடுக்க மனம் இருக்கிறது. ஆனால் உலகம் முழுக்க வேலை செய்கிற இயக்கம், கோடிக்கணக்கில் வைத்திருக்கிற அரசாங்கங்களை விட்டுவிட்டுப் பிறையில் கடைக்கணக்கு எழுதுகிற என்னிடம் ஏன் வர வேண்டும்? அரசுக் காசு வேண்டாம் என்பதால் யாருக்கு என்ன நன்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமரன்_செந்தூல் (சனி, இரவு 9.42)

அக்கா, அந்தப் பெண் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலைய வாசலில் எட்டு மாதம். அதனால் முதலில் ரொக்கம் பற்றிச் சொல்கிறேன். தெருவில் வாங்குகிற ரொக்கத்துக்குக் கணக்கு கிடையாது. நான் எடுத்துக்கொண்டாலும் தெரியாது, எடுக்காமல் இருந்தாலும் நிரூபிக்க முடியாது. வங்கி வழியாகப் போனால் உங்கள் பெயரில் பதிவாகும்.

மாதாமாதம் கேட்பதற்குக் காரணம், செலவு மாதாமாதம் வருகிறது. ஒரு தாதியை ஒரு வருடத்துக்கு வேலைக்கு எடுத்தால் பன்னிரண்டு மாதமும் சம்பளம் போட வேண்டும். தீபாவளிக்கு வருகிற நன்கொடையை வைத்து ஆகஸ்டு மாதச் சம்பளத்தை உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களைச் சேர்க்கவே செலவு இருக்கிறது. எங்களுக்குச் சம்பளம், இடத்துக்கு வாடகை. பல இயக்கங்கள் இதற்கென்றே உள்ள ஏஜென்சிகளை அமர்த்துகின்றன. ஆகவே நீங்கள் கொடுக்கிற முதல் சில மாதக் காசு, உங்களைச் சேர்த்த செலவை ஈடுகட்டத்தான் போகும். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்தால்தான் அந்த இயக்கத்துக்கு லாபம். கேட்டவர்களிடம் நான் இதை மறைத்ததில்லை. ஆனால் கேட்காதவர்களிடம் நானாகச் சொன்னதும் இல்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஆறுமுகம்_ஜெலுத்தோங் (சனி, இரவு 10.15)

குமரன் நேர்மையாக எழுதியிருக்கிறார். எனக்கு மல்லிகாவின் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அரசாங்கக் காசு என்பது யாருடைய காசு? நம் வரிப்பணம். ஒரு நாட்டு மக்கள் தங்கள் அரசு வழியாக நோயாளிக்கு உதவினால் அதில் என்ன தீட்டு? மருந்து வேண்டிக் கிடக்கிறவனிடம் போய், "இந்தக் காசு எங்கள் கொள்கைக்கு ஒத்துவராது, அதனால் மருந்து இல்லை" என்று சொல்ல முடியுமா? 30 வருடம் அரசு வேலை பார்த்தவன் நான். பெரிய வேலைகளை அரசால்தான் செய்ய முடியும் என்று பார்த்திருக்கிறேன்.

தாதி_சரஸ் (ஞாயிறு, காலை 7.05)

ஆறுமுகம் அண்ணா, பட்டர்வொர்த்திலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற அமைப்பு 1971இல் பாரிஸில் தொடங்கியது. 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. நம் பினாங்கில் 2015 முதல் ரொஹிங்யா அகதிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். 2018இல் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கும் திறந்தார்கள். நான் வேலை பார்க்கிற தனியார் கிளினிக்குக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். கையில் காசும் இல்லை, முறையான பத்திரமும் இல்லை. அங்கேதான் அனுப்பிவைத்தோம். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. அரசு மருத்துவமனையில் அகதிக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான். ஐநா அகதி அட்டை இருந்தால் அதில் பாதி தள்ளுபடி. அட்டை இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கிளினிக்குக்கு எந்த அரசு ஆசையாகக் காசு கொடுக்கும்? ஓட்டு இல்லாதவர்கள், ஊரில் பலருக்குப் பிடிக்காதவர்கள். அரசின் மனம் மாறினால் கிளினிக்கும் மூடிவிடும். ஏழு மில்லியன் பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதால்தான் அவர்களால் யாருக்கும் பிடிக்காத இடத்தில் கடை போட முடிகிறது. அவர்கள் வருமானத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியார் நன்கொடை.

2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் அதன் உறுப்பு நாடுகளிடமும் இனிக் காசு வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்த மார்ச்சில்தான் ஒன்றியம் துருக்கியோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, கடல் கடந்து வந்த அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. ஒரு கையால் விரட்டுகிறவரிடம், அவர் விரட்டுகிறவர்களுக்கு மருந்து போட மறு கையிலிருந்து காசு வாங்குவது எப்படி? முந்தைய வருடம் அங்கிருந்து வந்தது ஏறக்குறைய 56 மில்லியன் யூரோ. அதை விட்டுவிட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். நீங்கள் சொன்ன "மருந்து இல்லை" என்ற நிலை வரவில்லை, ஏனென்றால் மற்றக் காசு முன்பே கையில் இருந்தது.

கணக்கர்_ஆயர்ஈத்தாம் (ஞாயிறு, காலை 11.30)

சரஸ் கடைசியில் எழுதிய வரியில்தான் விஷயம் இருக்கிறது. மறுக்க முடிவது கொள்கை உறுதியால் மட்டும் அல்ல, மறுத்த பிறகும் அடுத்த மாதச் சம்பளம் போட முடிவதால். நான் பினாங்கில் ஒரு பன்னாட்டுக் கட்டமைப்பின் சிறிய அலுவலகத்தில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

காசில் இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட வேலைக்கென்று கட்டிக் கொடுக்கும் காசு. "இந்த மூன்று மாவட்டத்தில், இந்தப் பயிற்சிக்கு, இத்தனை பேருக்கு" என்று எழுதி வரும். ஒரு வெள்ளியைக்கூட வேறு செலவுக்கு எடுக்க முடியாது. இன்னொன்று கட்டு இல்லாத காசு. மல்லிகா கொடுக்கும் 50 வெள்ளி பெரும்பாலும் அந்த வகை. எதற்கு அவசரமோ அதற்குப் போகும். மின்கட்டணம், தணிக்கையாளர் கூலி, யாரும் காசு தராத ஓர் ஆய்வு எல்லாமே அதில்தான். அப்படிக் கட்டி வருகிற காசு (கிரெண்ட்) எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை வைத்து ஓர் இயக்கம் தன் இஷ்டப்படி ஒரு நாள்கூட நடக்க முடியாது.

எங்கள் கதை இது. ஒரு காலத்தில் எங்கள் வருமானத்தில் முக்கால்வாசி ஒரே ஒரு கொடையாளரிடமிருந்து வந்தது. நல்லவர்கள். எங்கள் வேலையில் தலையிட்டதே இல்லை. ஆனால் கூட்டத்தில் ஏதாவது முடிவெடுக்கும்போது, யாராவது ஒருவர் "இது அவர்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்பார். அவர்கள் கேட்கவில்லை, நாங்களே கேட்டுக்கொண்டோம். மூன்று வருடத்தில் எங்கள் அறிக்கைகளின் மொழியே மாறிப்போயிருந்தது. பிறகு அவர்கள் நாட்டில் ஆட்சி மாறியது, உதவி நின்றது. ஆறு பேரில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினோம். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தது நான்தான். அதில் ஒருவர் பிள்ளைக்கு அப்போதுதான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

அதனால் "அரசுக் காசா, தனியார் காசா" என்று கேட்பதற்கு முன்னால் நான் பார்ப்பது, எந்த ஒருவர் கை எவ்வளவு பெரியது என்பதை. டிஎன்டிஐ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் கவனிக்காத நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க 2003இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் எல்லைகளற்ற மருத்துவர்களும் உண்டு. இவர்கள் அரசுகளிடம் வாங்குகிறார்கள், தனியாரிடமும் வாங்குகிறார்கள். ஆனால் எந்த ஒரு கொடையாளரின் பங்கும் மொத்தத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் சுகாதார அமைச்சோடு சேர்ந்து ஹெப்பாடைடிஸ் சி நோய்க்கு ராவிடாஸ்விர் என்ற மருந்தைச் சோதித்தவர்கள் இவர்கள்தான். அந்த மருந்து 2021 ஜூனில் மலேசியாவில் பதிவானது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேரிடம் நடந்த சோதனையில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். பெரிய கம்பெனிகளின் விலையைக் கட்ட முடியாமல் நம் நாடே திணறிய காலம் அது. ஒரே கொடையாளர் கையில் இருந்திருந்தால், அந்த ஆராய்ச்சியை எங்கே எப்போது நிறுத்துவது என்பதும் அவர் முடிவாகத்தான் இருந்திருக்கும்.

பழைய_தொண்டர் (ஞாயிறு, பிற்பகல் 3.20)

இதெல்லாம் பினாங்குக்குப் புதிது இல்லை பிள்ளைகளே. 1960இல் ஐந்து நாட்டுப் பயனீட்டாளர் அமைப்புகள் சேர்ந்து உலகச் சம்மேளனம் ஒன்றைத் தொடங்கின. அதன் ஆசிய பசிபிக் அலுவலகம் நம் ஊரில்தான் பல வருடங்கள் இருந்தது. நம் அன்வார் ஃபஸால் 1978 முதல் 1984 வரை அந்த உலகச் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார். அந்த இயக்கங்களின் அடிப்படை மிக எளியது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று மக்களுக்குச் சொல்கிறவன், அந்தப் பொருளை விற்கிறவனிடம் விளம்பரக் காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவின் பயனீட்டாளர் ஒன்றியம் 1936 முதல் விளம்பரம் இல்லாமலே பத்திரிகை போட்டது. படிக்கிறவர் சந்தா கட்டினார், அதில் சோதனை நடந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் பத்திரிகைகளை நான் பிறை, நிபோங் தெபால் தோட்டங்களில் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டமைப்பு 1991இல் தொடங்கியது, அலுவலகம் பினாங்கில்தான். ஆகஸ்டு முதல் வாரம் உலகம் முழுக்கத் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறார்களே, அது இவர்கள் 1992இல் தொடங்கியது. பால்மாவு, பால்புட்டி, குழந்தை உணவு செய்யும் கம்பெனிகளிடம் காசு வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பால்மாவு விளம்பரத்துக்குக் கட்டுப்பாட்டு நெறி கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும். அந்த நெறியை மீறுகிறவர்களைக் கண்காணிக்கிற வேலையில் இருக்கிறவர், அதே கம்பெனியின் காசில் மாநாடு நடத்தினால் தாய்மார்கள் எப்படி நம்புவார்கள்? மற்ற இடங்களில் வாங்கலாம். இந்த ஒரு வாசலை மட்டும் மூடியே வைத்திருக்க வேண்டும்.

மல்லிகா, உன் வயது எனக்குத் தெரியாது. உன் வீட்டில் பெரியவர்கள் தோட்டத்தில் இருந்திருந்தால் கேட்டுப் பார் அம்மா. 1960இல் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு வாங்குங்கள், நாமே தோட்டத்தை வாங்கிவிடலாம் என்றார். அப்படித்தான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அது கூட்டுறவுச் சங்கம், லாபப் பங்கு உண்டு, தொண்டு இயக்கம் இல்லை. ஆனாலும் கூலிக்காரர்களின் பத்து வெள்ளி சேர்ந்து தோட்டம் வாங்கியது என்பதை நான் என் சிறுவயதில் பார்த்தவன்.

ஆறுமுகம்_ஜெலுத்தோங் (ஞாயிறு, இரவு 8.00)

ஐயா எழுதியதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவரும் பங்கு கட்டியவர்.

ஆனாலும் என் கேள்வியை முழுக்க விட்டுவிட மாட்டேன். 1863இல் தொடங்கிய செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவின் வருமானத்தில் பெரும்பகுதி அரசுகள் கொடுப்பதுதான். போர்க்கைதிகளைப் பார்க்க இரண்டு தரப்பும் அவர்களை உள்ளே விடுகின்றனவே? அரசுக் காசு வாங்கியதால் நடுநிலை போய்விட்டதா? அப்புறம், ஒரு கோடீசுவரரின் அறக்கட்டளை மட்டும் எப்படி அரசைவிட மேல்? அரசையாவது மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றலாம்.

கணக்கர்_ஆயர்ஈத்தாம் (ஞாயிறு, இரவு 8.50)

அறக்கட்டளை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒரே கோடீசுவரரை நம்பி இருப்பதும் ஒரே அரசை நம்பி இருப்பதும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றுதான்.

செஞ்சிலுவைக்குக் கதவு திறப்பது போர் விதிகளை வகுத்த 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள். அரசுகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமை அது, அதனால் அரசுகளிடம் காசு கேட்கவும் அவர்களுக்கு முகம் இருக்கிறது. மற்ற இயக்கங்களுக்கு அந்தச் சட்டப் பலம் கிடையாது. அப்படிப்பட்ட செஞ்சிலுவையே 2023இல் நிதி குறைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களை வெட்டியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தபோது உலகம் முழுக்க எத்தனை கிளினிக்குகள் மூடின என்று செய்தியில் பார்த்தீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமெரிக்க அரசுக் காசு வாங்காததால் அந்த உத்தரவு அவர்கள் காசைத் தொடவில்லை. ஆனால் பக்கத்துக் கிளினிக்குகள் மூடியதால் அங்கிருந்த நோயாளிகளும் அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

அம்னெஸ்டி என்ற மனித உரிமை இயக்கத்தையும் பாருங்கள். 1961இல் தொடங்கியது. ஆய்வுக்கும் பிரசாரத்துக்கும் அரசுகளிடம் காசு வாங்குவதில்லை. எழுதுவதே அரசுகளைப் பற்றித்தான் என்றால் வேறு வழி இல்லை. ஒவ்வோர் இயக்கத்துக்கும் மூட வேண்டிய வாசல் வேறு.

லாவண்யா_பங்சார் (ஞாயிறு, இரவு 10.40)

நான் ஒரு பெரிய கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவில் வேலை செய்தவள். இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஒரு சிறிய இயக்கத்துக்கு நல்ல தொகை கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. எங்கள் பக்கம் ஒரே நிபந்தனை, பதாகையில் எங்கள் சின்னம், ஆண்டறிக்கையில் ஒரு படம். அவர்கள் மறுத்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஆற்றைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே புகார் எழுதிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு அன்று சரியான கோபம். ஆறு வாரம் உழைத்து வாங்கிய அனுமதி. ஒரு வருடம் கழித்து அந்தப் புகார் மேலிடம் வரை வந்தபோது, அவர்கள் எங்கள் காசை வாங்கியிருந்தால் அந்தக் கடிதம் வந்தே இருக்காது என்று எனக்குப் புரிந்தது.

பொருளாகக் கொடுத்தாலும் இதே கதைதான். 2016 அக்டோபரில் ஃபைசர் என்ற மருந்துக் கம்பெனி பத்து லட்சம் டோஸ் நிமோனியா தடுப்பூசியை இலவசமாகத் தருகிறோம் என்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். இலவசம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும், எல்லாருக்கும் விலையைக் குறை என்றார்கள். அடுத்த மாதமே மனிதநேய அமைப்புகளுக்கு விலை குறைந்தது. முதலில் படித்தபோது குழந்தைகளுக்கான ஊசியை எப்படி மறுக்க மனம் வந்தது என்று நினைத்தேன். இப்போதும் அது மிகக் கடினமான முடிவு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சரியான முடிவு.

மல்லிகா_பிறை (திங்கள், காலை 6.30)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரவு முழுக்கப் படித்தேன். சரி, என் படிவத்துக்கு வருகிறேன். ஓர் இயக்கம் வாயால் "சுயமாக இருக்கிறோம்" என்று சொல்வதை என்னைப் போல ஒருத்தி எப்படிச் சரிபார்ப்பது?

கணக்கர்_ஆயர்ஈத்தாம் (திங்கள், காலை 8.15)

தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள் தங்கச்சி. நல்ல இயக்கம் இணையத்திலேயே போட்டிருக்கும், இல்லாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பும். அனுப்பத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வருமானப் பக்கத்தில் முதல் பெரிய கொடையாளர் யார், மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். பிறகு கையிருப்பு. ஒரு வெள்ளிகூட வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள்? கையிருப்பே இல்லாத இயக்கம் அடுத்த காசோலை யாரிடமிருந்து வந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். யாரிடம் காசு வாங்க மாட்டார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல இயக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்கருக்குச் சம்பளம் கொடுக்காத இயக்கத்தில் கணக்கும் இருக்காது. எல்லைகளற்ற மருத்துவர்கள் 100இல் 80 அளவுக்கு நேரடி வேலைக்குச் செலவிடுகிறார்கள், மீதி நிதி திரட்டவும் நிர்வாகத்துக்கும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

வரிக்கழிவு வேண்டுமென்றால் ரசீதில் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் அனுமதி இருக்கிறதா பாருங்கள். எல்லா இயக்கத்துக்கும் அது கிடையாது.

தாதி_சரஸ் (திங்கள், பிற்பகல் 1.10)

இன்னொன்றும் பாருங்கள் மல்லிகா. போதும் என்று சொல்லத் தெரிந்த இயக்கமா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கில் மட்டும் 52 பேர் போனார்கள். அன்று நான் மருத்துவமனையில் வேலையில் இருந்தேன். உலகமே காசு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள், சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம், எங்களுக்குத் தேவையானது வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதிகமாக வந்த காசை வேறு அவசரங்களுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டார்கள். பெரும்பாலோர் சரி என்றார்கள், வேண்டாம் என்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற சில அமைப்புகள் அப்போது அவர்கள்மேல் கோபப்பட்டன. எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது அன்றுதான்.

மல்லிகா_பிறை (வெள்ளி, இரவு 9.25)

திங்கட்கிழமையே அந்த இயக்கத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். கணக்கர் அண்ணன் சொன்ன மூன்றையும் கேட்டேன். புதன்கிழமை பதில் வந்தது, ஆண்டுக் கணக்கோடு. மிகப் பெரிய தனிக் கொடையாளரின் பங்கு 100இல் 4தான். ஏழு மாதத்துக்குக் கையிருப்பு. யாரிடம் வாங்க மாட்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். என்னைச் சேர்க்க ஆகும் செலவையும் கேட்டேன் குமரன், அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

அம்மாவிடம் நிலநிதிச் சங்கத்தைப் பற்றிக் கேட்டேன் ஐயா. எதுவும் பேசாமல் அலமாரியைத் திறந்து, பாட்டியின் பங்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பத்து பத்தாகக் கட்டிய கணக்கு, ஒரு மாதம் மட்டும் விட்டுப்போய் அடுத்த மாதம் இருபதாகக் கட்டியிருக்கிறார்.

50 என்னால் முடியாது. 30 வெள்ளி எழுதியிருக்கிறேன், நிறுத்தாமல் கட்ட முடிகிற தொகை அதுதான். குமரன் தம்பி, எனக்குக் கடன் அட்டை கிடையாது. சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கச் சொல்ல முடியுமா?

குமரன்_செந்தூல் (வெள்ளி, இரவு 9.40)

முடியும் அக்கா. அதற்குப் படிவம் தனி. உங்கள் வங்கியின் அனுமதி வர ஒரு மாதம்கூட ஆகலாம், அதனால் முதல் பிடித்தம் தாமதமாக வந்தால் பயப்படாதீர்கள். அதிகபட்சத் தொகை என்று ஒரு கட்டம் இருக்கும், அதை வெறுமையாக விடாமல் 30 என்றே எழுதுங்கள். கையெழுத்து வங்கியில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.